அட்டு தீவின் அக்காவும் தம்பியும்: மீட்புக் கப்பல் வந்ததும் கதையை முடித்துவிடலாமா?

நிலாமுற்றம் | சனி, இரவு 9:40

நண்பர்களுக்கு வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, இருபது பேர் வருவார்கள். போன வருஷம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், போர்ல சண்டை போடாதவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?" அவனுக்குப் பதில் சொல்லப் போய் ஒரு சிறுவர் நாவலில் மாட்டிக்கொண்டேன்.

அலாஸ்காவிலிருந்து ருஷ்யாவின் கம்சாத்கா பக்கமாகப் பசிபிக் கடலில் வில்போல் வளைந்து கிடப்பவை அலூஷியன் தீவுகள். அந்த வில்லின் மேற்கு நுனியில் இருக்கிறது அட்டு. மரமே வளராத மண். புல், பாசி, பாறை, மூடுபனி, ஓயாத காற்று. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் உனங்கன் மக்கள். 'அலியூட்' என்பது ருஷ்ய வியாபாரிகள் வைத்த பெயர். வெளியுலகில் அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை ஜப்பானியப் படை அட்டுவில் இறங்கியது. ஊரில் அப்போது உனங்கன்கள் நாற்பது பேருக்குச் சற்று மேல். வெளியாட்கள் இருவர்தான்: பள்ளி ஆசிரியை எட்டா ஜோன்ஸ், ரேடியோவில் வானிலைச் செய்தி அனுப்பிவந்த அவருடைய கணவர் சார்லஸ் ஃபாஸ்டர் ஜோன்ஸ். கணவர் பிடிபட்ட பிறகு இறந்துபோனார். அறுபது வயதைத் தாண்டிய அந்த ஆசிரியையை ஊராரிடமிருந்து பிரித்துத் தனியாக ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

என் கதையில் மாத்ரோனாவுக்குப் பதினொரு வயது, தம்பி பாவெலுக்கு ஆறு. படை இறங்கிய அன்று இருவரும் மலைப்பக்கம் ஓடிக் குகையில் ஒளிகிறார்கள். பறவை முட்டை, மீன், கடற்கரைக் கிழங்கு என்று தின்று ஒரு குளிர்காலத்தைக் கடக்கிறார்கள். 1943 மே மாதம் அமெரிக்கக் கப்பல்கள் வந்ததும் ஓடிப்போய்க் கையசைக்கிறார்கள். கதை முடிகிறது.

எழுதி முடித்துப் படித்தால் ஏதோ பொய்யாக ஒலிக்கிறது. எது பொய் என்று பிடிபடவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும்: பத்து வயதுப் பிள்ளைக்குச் சாவை எவ்வளவு சொல்லலாம்?

---

வடதிசை | ஞாயிறு, காலை 6:15

அக்கா, நான் பதினான்கு வருஷமாக அலாஸ்காவில் வேலை பார்க்கிறேன். இந்த வரலாற்றை இங்கே வந்துதான் அறிந்தேன். மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

குகைதான் பொய். அட்டுவில் ஒரு பிள்ளையும் அப்படித் தப்பி வாழவில்லை. மூன்று மாதம் அவர்கள் தங்கள் ஊரிலேயே காவலுக்குள் இருந்தார்கள். 1942 செப்டம்பரில் கைக்குழந்தை முதல் கிழவி வரை எல்லோரையும் கப்பலில் ஏற்றி ஜப்பானின் ஹொக்கைடோ தீவின் ஒட்டாரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். போர் முடியும் வரை, மூன்று வருஷம், அங்கேதான். களிமண் வெட்டும் வேலை. போதாத சாப்பாடு, காசநோய், சத்துக்குறைவில் வரும் பெரிபெரி. ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தார்கள். ஊர்த்தலைவர் மைக் ஹோடிகாஃபும் ஒட்டாருவிலேயே இறந்தார்.

1943 மே 11 அன்று அமெரிக்கப் படை அட்டுவில் இறங்கி மாதக் கடைசி வரை சண்டை நடந்தது. அமெரிக்கத் தரப்பில் 549 பேர் இறந்தார்கள். ஜப்பானியத் தரப்பில் 2,300 பேருக்கு மேல் இறந்தார்கள், பிடிபட்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை. இத்தனை உயிர் போன அந்தச் சண்டையில், மீட்டுக்கொண்டு வர அட்டுப் பிள்ளை ஒன்றுகூடத் தீவில் கிடையாது. கரையில் நின்று கையசைக்க யாரும் இல்லை. ஊர் மொத்தமும் குண்டுவீச்சில் அழிந்திருந்தது.

நீங்கள் கையசைக்கும் காட்சியை எழுதினால், வெற்றி பெற்ற படைக்கு ஒரு நன்றியை அந்தப் பிள்ளைகள் கையால் எழுதி வாங்கிய மாதிரி ஆகும்.

---

கரிசல்மண் | ஞாயிறு, காலை 11:02

வடதிசை சொல்வது வரலாறு. டீச்சர் எழுதுவது கதை. பிள்ளைகளுக்குக் குகை வேண்டும், ஒளிந்து விளையாட்டு வேண்டும், தம்பியைக் காப்பாற்றும் அக்கா வேண்டும். மூன்று வருஷம் களிமண் வெட்டியதையும் ஆட்கள் செத்ததையும் எந்தப் பத்து வயசுப் பிள்ளை கையில் எடுக்கும்? என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தால் மூணாம் பக்கத்தில் மூடி வைப்பாள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நம்ம பிள்ளைகளுக்கு எதற்கு அட்டு? இங்கே சொல்லக் கதை இல்லையா?

---

மணப்பாட்டு_அலை | ஞாயிறு, மாலை 4:48

கடலோரத்தில் பிறந்தவள் என்பதால் எனக்கு இந்தத் தீவைப் பார்க்கும்போதே ஒட்டுதல் வந்துவிட்டது. கரிசல்மண் அண்ணாச்சி, எதற்கு அட்டு என்றால் என் பதில் இதுதான்: நம்ம பிள்ளைகள் சிறுவர் கதைகளில் பார்க்கிற போரில் எல்லாம் ராஜாவும் தளபதியும்தான் இருக்கிறார்கள். நாற்பது பேர் இருக்கிற ஒரு மீன்பிடி ஊருக்குள் போர் வந்து இறங்கினால் என்னாகும் என்று எந்தக் கதை சொல்லியிருக்கிறது?

நிலாமுற்றம், நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

"வாடைக்காற்று வீசியது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் எங்கள் காற்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கப்பா வலையைச் சுருட்டுவது கண்ணில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை, ஒரு மாதம், ஒரு மீன் உண்டு. அட்டுவின் காற்று மலை உச்சியிலிருந்து திடீரென்று கீழே விழுந்து ஆளைத் தள்ளும் காற்று. "மலையிலிருந்து விழும் காற்று" என்றே எழுதுங்கள். நாலு முறை வந்தால் அதுவே பெயராகிவிடும்.

இன்னொன்று. மரமே இல்லாத தீவில் படகுக்கு மரம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் பார்த்தேன். கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் மிதவை மரம்தான்! அதில் சட்டம் கட்டி, கடல்சிங்கத்தின் தோலைத் தைத்துப் போர்த்தியிருக்கிறார்கள். எங்கோ ஒரு ஆற்றங்கரையில் சாய்ந்த மரம் கடல்வழி வந்து இவர்களுக்குப் படகாயிருக்கிறது. 1942இல் மரப்படகுகள் வந்துவிட்டன, அதனால் எல்லோரையும் தோல்படகில் ஏற்றிவிடாதீர்கள். தாத்தா ஒருவர் மட்டும் பழைய சட்டத்தை வீட்டில் வைத்திருக்கலாம். பாவெல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். கரை ஒதுங்கியதைப் பார்த்தாலே பொறுக்குகிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வரும். அது பிறகு உங்களுக்குப் பயன்படும்.

கடல்நாய், கடல்சிங்கம், கடல்நீர்நாய் மூன்றும் வேறு வேறு. நீங்கள் ஓரிடத்தில் குழப்பியிருக்கிறீர்கள். ருஷ்யர்கள் 1740களில் வந்ததே கடல்நீர்நாயின் ரோமத்துக்காகத்தான். அந்த வியாபாரம்தான் உனங்கன்களை முதலில் சிதைத்தது, அதனால் அங்கே தவறு வரக்கூடாது.

---

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10:20

வடதிசை, தப்பாக நினைக்க எதுவும் இல்லை. உண்மையில் உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சு லேசானது. எது பொய் என்று தெரிந்துவிட்டதே.

குகையை ஏன் எழுதினேன் என்று யோசித்தேன். எனக்கு அந்தக் கப்பலுக்குள் போகப் பயம். அக்காவும் தம்பியும் சரக்கு அறைக்குள் இறங்கும் ஏணிப்படி வரை வந்து, அதற்குமேல் எழுத முடியாமல் அவர்களை மலைக்கு ஓடவிட்டேன். அந்தப் பிள்ளைகளை ஓடவிட்டது என் பயம்.

மணப்பாட்டு அலை, காற்றுச் சொல்லை மாற்றிவிட்டேன். மிதவை மரத்துக்கு நன்றி போதாது.

பெயர்களைப் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார்: உனங்கன் பிள்ளைகளுக்கு ஏன் ருஷ்யப் பெயர்? ருஷ்ய ஆட்சிக் காலத்தில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவம் அங்கே வேரூன்றியது. 1867இல் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. கோயில் மாறவில்லை, ஞானஸ்நானப் பெயர்களும் மாறவில்லை. வீட்டில் உனங்கன் மொழி, கோயிலில் ருஷ்யப் பெயர், பள்ளியில் ஆங்கிலம். ஆறு வயதில் பாவெலுக்கு இந்த மூன்றும் பழக்கம்.

---

கோலகங்சார்_குமரன் | திங்கள், காலை 7:55

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். அட்டுவை எனக்குத் தெரியாது. ஆனால் அதே படை அதே 1942இல் எங்கள் தோட்டப்புறத்துக்குள்ளும் வந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர், காட்டு வழி. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

எங்கள் பாட்டியின் தம்பியும் அப்படிப் போனவர்தான். அப்போது அவருக்குப் பதினாறு வயது. பாட்டி "ஜப்பான்காரன் காலம்" என்று ஆரம்பித்தால் மரவள்ளிக்கிழங்கு, சாக்குத்துணிச் சட்டை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் வந்து நின்ற லாரி என்று வரிசையாக வரும். சின்ன வயதில் நாங்கள், "அப்புறம் ஜப்பான்காரன் தோத்துட்டான், கதை முடிஞ்சிருச்சு" என்று எழுந்துபோகப் பார்ப்போம். பாட்டி கையைப் பிடித்து உட்காரவைப்பார். "அதுக்கப்புறந்தான்டா கதையே." சண்டை முடிந்த பிறகு வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்ற கதை அது. ஒவ்வொரு ரயிலிலும் யார் இறங்கினார்கள், எப்படி இருந்தார்கள், தம்பியைத் தெரியுமா என்று இவர் யாரிடம் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள். சண்டையைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்.

நிலாமுற்றம் அவர்களே, கப்பல் வந்ததும் கதையை முடிக்காதீர்கள். அந்த அக்காவும் தம்பியும் ஊர் திரும்பினார்களா? அதைச் சொல்லுங்கள்.

---

வடதிசை | திங்கள், மாலை 5:30

குமரன் சாரின் கேள்விக்குப் பதில்: திரும்பவில்லை.

1945 செப்டம்பரில் ஒட்டாருவிலிருந்து விடுதலை. ஓகினாவா, மணிலா, சான்ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில் என்று பாதி உலகம் சுற்றி வந்தார்கள். ஆனால் அட்டுவுக்குப் போக அமெரிக்க அரசு விடவில்லை. உயிரோடு மிஞ்சியவர்கள் இவ்வளவு குறைவாக இருக்க, அவ்வளவு தொலைவில் ஓர் ஊரைக் கட்டித்தர முடியாது என்று முடிவு செய்தார்கள். அதனால் அவர்களை அட்கா என்ற வேறொரு தீவில் குடியேற்றினார்கள். காசநோய் வந்தவர்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் சிலர் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள்.

இப்போது அட்காவின் கதையைக் கேளுங்கள். அலூஷியன் தீவுகளில் உள்ள டச்சு ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது 1942 ஜூன் 3, 4 தேதிகளில். அதன்பின் அமெரிக்கக் கடற்படை அட்கா மக்களை அவசரமாகக் கிளப்பி, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அவர்கள் ஊருக்கும் கோயிலுக்கும் தானே தீவைத்தது. அலூஷியன், பிரிபிலோஃப் தீவுகளின் 9 ஊர்களிலிருந்து 881 உனங்கன்களை அலாஸ்காவின் தென்கிழக்குக் காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். பாழடைந்த மீன் டப்பா ஆலை, கைவிட்ட தங்கச் சுரங்கம், இவைதான் முகாம்கள். ஃபன்டர் பே, கில்லிஸ்னூ, வார்ட் லேக், பர்னெட் இன்லெட். வைத்தியம் இல்லை, சுத்தமான தண்ணீர் இல்லை. பத்தில் ஒருவர் அங்கேயே இறந்தார்கள். பிரிபிலோஃப் தீவு ஆண்களை மட்டும் 1943 கோடையில் திரும்பக் கொண்டுபோய்க் கடல்நாய் வேட்டையாட வைத்தார்கள். ரோமம் அரசுக்கு வருமானம். வீடு திரும்பியவர்கள் கண்டது, தங்கள் நாட்டுச் சிப்பாய்களே சூறையாடிவிட்டுப் போன வீடுகளை.

என்னை உலுக்கிய ஒரு சிறு விஷயம். வாழ்க்கையில் மரத்தையே பார்க்காதவர்கள் இவர்கள். முகாமைச் சுற்றி நெருக்கிப்பிடித்த காடு. வானம் தெரியவில்லை, அடிவானம் தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நமக்கு நிழல் என்றால் ஆறுதல். அவர்களுக்கு அது சிறை.

---

பனையடி | திங்கள், இரவு 11:10

கனநாளா இந்தப் பக்கம் எழுதேல்ல. இந்த இழையை வாசிச்சிட்டுப் பேசாமல் போக ஏலாமல் இருக்கு.

நான் சின்னனில முகாமில இருந்தனான். தம்பியும் நானும். அதைப் பற்றி விபரமாச் சொல்ல வரேல்ல. பசியை எப்படி எழுதுறது எண்டு ஒரு விஷயம் மட்டும் சொல்லவேணும். பெரியாக்கள் எழுதினால் பிள்ளையள் "பசிக்குது, பசிக்குது" எண்டு அழுதுகொண்டே இருக்குங்கள். நாங்கள் அப்படி இருக்கேல்ல. ஒரு கிழமைக்குப் பிறகு பசியைப் பற்றிக் கதைக்கிறதையே விட்டிட்டம். சாப்பாட்டைப் பற்றித்தான் கதைச்சம். அம்மம்மா வச்ச மீன்குழம்பில என்னென்ன போட்டவ எண்டு தம்பி கேட்பான், நான் முறையாச் சொல்லவேணும். புளியைச் சொல்ல மறந்தால் கோவம் வரும் அவனுக்கு. முதலில இருந்து திரும்பச் சொல்லவேணும்.

உங்கட மாத்ரோனா தம்பிக்கு அட்டுவில என்ன சமைச்சவை எண்டு ஒவ்வொரு இரவும் சொல்லட்டும். அவன் பிழை பிடிக்கட்டும். சாவைக் காட்ட வேற ஒண்டும் தேவையில்லை. ஒரு நாள் அவன் பிழை பிடிக்காமல் கிடப்பான். அதை வாசிக்கிற எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

---

நிலாமுற்றம் | செவ்வாய், காலை 5:50

பனையடி அக்கா, (அக்கா என்று கூப்பிடலாம்தானே?) ராத்திரி உங்கள் பதிவைப் படித்தபின் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. பாவெல் ஒரு நாள் பிழை பிடிக்காமல் கிடப்பான். மறுநாள் பிடிப்பான். அவன் பிழைத்துக்கொள்கிறான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒரு இரவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்.

---

கரிசல்மண் | செவ்வாய், மதியம் 1:25

நான் முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பனையடி அம்மாவின் மீன்குழம்பு எந்தக் குகையையும்விட என் மகளைப் பிடித்து உட்காரவைக்கும்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடாதா? என் மகளின் பள்ளித்தோழி ஒருத்தியின் அப்பா ஓசாகாவில் வேலை பார்க்கிறார்.

---

வடதிசை | செவ்வாய், இரவு 8:05

நியாயமான பயம். ஒரு புகைப்படம் இருக்கிறது. அட்டுவில் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் ஓர் உனங்கன் சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறான். பிரச்சாரத்துக்காக எடுத்த படம்தான். ஆனால் அந்தச் சிறுவன் பிழைத்து, அட்காவில் வளர்ந்து முதியவராகி, தன் நினைவுகளைச் சொல்லி 2012இல் அது புத்தகமாகவும் வந்தது. படம் எடுத்தபோது அவருக்கு ஆறு வயது, உங்கள் பாவெலின் வயது.

முதுகில் சுமந்தது பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சிப்பாய்க்கும் ஊரில் ஒரு தம்பி இருந்திருக்கலாம். ஆனால் அதே படையின் கப்பல்தான் அந்தப் பிள்ளையை ஒட்டாருவுக்குக் கொண்டுபோனது. இரண்டையும் சேர்த்துத் தாங்கப் பிள்ளைகளால் முடியும் என்று நம்புகிறேன். பெரியவர்களுக்குத்தான் ஏதாவது ஒன்றை விட்டுவிடத் தோன்றும்.

---

மணப்பாட்டு_அலை | செவ்வாய், இரவு 9:30

புல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே! அட்டுப் பெண்கள் கடற்கரைப் புல்லில் முடைந்த கூடைகள் உலகத்தின் மிக நுட்பமான கூடை வேலைகளில் சேர்த்தி. கட்டைவிரல் நகத்தை வளர்த்து, புல்லிதழை இழை இழையாகக் கிழித்து, துணி நெய்த மாதிரி முடைவார்கள். பதினொரு வயது மாத்ரோனா அப்போதுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருப்பாள்.

இதை நான் வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன். அதே வகைப் புல் ஹொக்கைடோ கடற்கரையிலும் வளர்கிறது. வடபசிபிக் கரை முழுவதும் இருக்கும் புல் அது.

---

நிலாமுற்றம் | வியாழன், இரவு 11:45

இரண்டு நாள் எழுதவில்லை, படித்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டாரு என்பது ஜப்பானியச் சொல் இல்லை தெரியுமா? ஐனு மொழி. மணல் கரை வழியே ஓடும் ஆறு என்ற பொருளில் வந்த பெயர். ஐனு மக்கள் ஹொக்கைடோவின் பூர்வகுடிகள். 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அரசு அவர்கள் நிலத்தையும் வேட்டையையும் மொழியையும் பறித்துவிட்டது. ஆக, சொந்தத் தீவை இழந்த உனங்கன் பிள்ளைகளைக் கொண்டுபோய், சொந்த நிலத்தை இழந்த ஐனுக்களின் பெயரைச் சுமந்த நகரத்தில் அடைத்தார்கள். இதை நாவலில் விளக்கமாக எழுத மாட்டேன். மாத்ரோனாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஒரே ஒரு இடத்தில், "இந்த ஊர்ப் பெயர் எங்கள் மொழி இல்லை" என்று காவலுக்கு நிற்பவர் ஒருவர் சொல்லட்டும். கேட்கிற பிள்ளை கேட்கட்டும்.

புல்லை ஒட்டாருவில் வைக்கத் துடித்தேன். ஆனால் காவலில் இருப்பவர்கள் கடற்கரைக்குப் போய்ப் புல் பறித்து உலர்த்தியிருக்க முடியாது. கோடையில் பறித்து, வாரக்கணக்கில் பதப்படுத்த வேண்டிய புல் அது. ஆகவே அவள் முடையவில்லை. நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறாள். களிமண் வேலையில் அது உடைகிறது. திரும்ப வளர்கிறது. உடைகிறது.

கடைசி அத்தியாயத்தை முழுக்க மாற்றிவிட்டேன். 1945 கடைசி, அட்கா. ஒரு பகுதியை இங்கே போடுகிறேன், கருணை பார்க்காமல் சொல்லுங்கள்.

*அட்காவின் கரையில் புது வீடுகள் நின்றன. பலகை வாசனை போகவில்லை. அவற்றுக்குப் பின்னால் கரிந்த தரை கறுப்பாகக் கிடந்தது.*

*ஒரு சிறுமி வந்து மாத்ரோனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியது பாதி புரிந்தது. அட்காவின் பேச்சு வேறு மாதிரி இழுத்தது.*

*"நீங்கதான் அட்டு ஆளுங்களா?"*

*"ஆமா."*

*"உங்களை யாரு கூட்டிட்டுப் போனா?"*

*"ஜப்பான்காரங்க. கப்பல்ல. உங்களை?"*

*அந்தச் சிறுமி கரிந்த தரையைப் பார்த்தாள். "நம்ம ஆளுங்க. கப்பல்ல."*

*"எங்கே?"*

*"மரம் இருக்கிற ஊருக்கு. பாட்டி அங்கேயே இருந்துட்டா." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "உங்க வீட்டை யாரு எரிச்சா?"*

*மாத்ரோனாவுக்குத் தெரியவில்லை. வீடு எரிந்ததா, இடிந்ததா, நிற்கிறதா என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாவெல் கரையோரம் குனிந்து, அலை ஒதுக்கிய ஒரு மரத்துண்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தான்.*

*"எங்க வீடு அங்கேதான் இருக்கு" என்றாள்.*

---

கோலகங்சார்_குமரன் | வெள்ளி, காலை 6:40

"நம்ம ஆளுங்க. கப்பல்ல." இதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப அரை மணி நேரம் தாமதம். இதை விட்டுவிடாதீர்கள். எந்தப் பதிப்பாளர் மாற்றச் சொன்னாலும் விடாதீர்கள்.

---

பனையடி | வெள்ளி, காலை 9:12

"பாட்டி அங்கேயே இருந்துட்டா." பிள்ளையள் இப்படித்தான் சொல்லுவினம். நல்லாயிருக்கு.

---

வடதிசை | வெள்ளி, மாலை 6:20

எனக்கும் பிடித்தது. பின்னுரையில் சேர்க்கச் சில தகவல்கள். 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டு, முகாம்களில் இருந்து உயிரோடு மிஞ்சியிருந்த உனங்கன் ஒவ்வொருவருக்கும் 12,000 டாலர் கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் பலர் வாங்க உயிரோடு இல்லை. மகூஷின், கஷேகா போன்ற சிற்றூர்கள் போருக்குப் பின் மீண்டும் ஊராகவே இல்லை. அட்டுவில் பேசிய உனங்கன் கிளைமொழி இப்போது பேச ஆளில்லாமல் போய்விட்டது. அட்டுவில் இன்று யாரும் குடியில்லை. 2017இல் அட்டுக்காரர்களின் சந்ததியினர் சிலர் கப்பலில் போய், ஊர் இருந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒரு திருத்தம்: இரண்டு ஊர்களின் பேச்சும் வேறுபட்டது உண்மை. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பேசிச் சமாளித்திருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு வரி போதும்.

---

நிலாமுற்றம் | சனி, இரவு 9:15

திருத்திவிட்டேன், வடதிசை.

இன்று நூலகத்தில் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அதே பையன், போன வருஷம் கேட்டவன், எழுந்தான். "டீச்சர், தீவு அங்கேயேதானே இருக்கு? அது எங்கேயும் போகலையே? அப்புறம் ஏன் விடல?"

வடதிசை சொன்ன காரணத்தைச் சொன்னேன். ஆட்கள் குறைவு, தொலைவு, செலவு. அவன் உட்காரவில்லை. "பாவெல் பெரியவனானதும் போனானா?"

தெரியாது, நான் இன்னும் எழுதவில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மணப்பாட்டு அலை, ஒரு மிதவை மரத்துண்டை வைத்து ஏழு வயதுப் பையன் என்னவெல்லாம் செய்வான்? படகுச் சட்டத்துக்கு அது எவ்வளவு நீளம் வேண்டும்?

---

மணப்பாட்டு_அலை | சனி, இரவு 10:02

ஒரு துண்டால் படகு ஆகாது. அவன் ஒன்பது வயதில் வந்து இறங்குகிறான், ஏழு இல்லை. ஆறு வயதில் போனவன், மூன்று வருஷம் அங்கே இருந்தான், கணக்குப் பாருங்கள். ஒன்பது வயதுக்காரன் துண்டு துண்டாகச் சேர்த்து வைப்பான். அடிச்சட்டத்துக்கு நேரான மரத்தைத் தனியாக எடுத்து வைப்பான், விலாச்சட்டத்துக்கு வளைகிற மரத்தைத் தனியாக எடுத்து வைப்பான். எங்கப்பாவிடம் கேட்டு நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.